கடையில் வாங்கும் ஸ்கோன்: ருசி, பதம், விலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் எந்தச் சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனாலும் ரொட்டி அடுக்குக்குப் பக்கத்தில் ஸ்கோன் என்ற சின்ன வட்டமான மாவுப் பண்டம் இருக்கும். நாலு நாலாகவோ ஆறு ஆறாகவோ பாக்கெட்டில் போட்டு வைத்திருப்பார்கள். பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும், விலை மட்டும் வெகுவாக மாறும். எதை எடுப்பது என்று தெரியாமல் கையில் கிடைத்ததை வாங்கி, குளிர்ந்தபடியே ஒரு வாய் கடித்துப் பார்த்து, "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று ஒதுக்கி வைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் இன்னொரு முறை முயற்சி செய்ய வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் வீட்டில் இரண்டு குளிர்காலமாகச் சனிக்கிழமை மாலைகளில் வேறு வேறு பாக்கெட்டுகளை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறோம். நான், என் மனைவி, மகள், தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்த எதிர் வீட்டுப் பாட்டி என நாலு வாய். அந்த அனுபவத்திலிருந்தும் படித்துத் தெரிந்துகொண்டதிலிருந்தும், நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஸ்கோன் என்பது பன்னா, கேக்கா, பிஸ்கட்டா?

மூன்றும் இல்லை. பன்னுக்கு ஈஸ்ட் போட்டு, மாவை அழுத்திப் பிசைந்து, பொங்க விடுவார்கள். ஸ்கோனில் ஈஸ்ட் கிடையாது, பிசைவதும் கிடையாது. குளிர்ந்த வெண்ணெயை மைதா மாவில் விரல் நுனியால் பிசிறுவார்கள். புட்டுக்கு மாவு பிசிறிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கையசைவு உடனே பிடிபடும். அப்புறம் பாலோ மோரோ விட்டு ஒன்றுசேர்த்து, விரல் மொத்தத்துக்குத் தட்டி, வட்டமாக வெட்டி, நல்ல சூட்டில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓவனில் வைத்தால் ஸ்கோன். அதை இரண்டாகப் பிளந்து வெண்ணெய் தடவியோ, க்ரீமும் ஜாமும் வைத்தோ சாப்பிடுவார்கள்.

பிறந்த இடம் ஸ்காட்லாந்து. 1513-இல் எழுதப்பட்ட ஒரு ஸ்காட்ஸ் மொழி நூலிலேயே இந்தச் சொல் வந்துவிட்டது. அந்தக் காலத்து ஸ்கோன் உயரமானது அல்ல. ஓட்ஸ், பார்லி மாவில் தட்டையாகத் தட்டி, நம் தோசைக்கல் மாதிரியான இரும்புக் கல்லில் சுட்டது. இன்று நாம் பார்க்கும் உயரம் பேக்கிங் பவுடர் தந்தது. 1843-இல் பர்மிங்காமில் ஆல்பிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக அதைச் செய்தார். 1845-இல் பிரிஸ்டலில் ஹென்றி ஜோன்ஸ், தானே உப்பும் மாவுக்கு, அதாவது செல்ஃப் ரெய்சிங் மாவுக்கு, காப்புரிமை வாங்கினார். இந்த இரண்டும் வந்த பிறகு ஸ்கோன் எந்த வீட்டு அடுப்படியிலும் அரை மணியில் ஆகிற பண்டமாயிற்று.

அமெரிக்கர்கள் பிஸ்கட் என்று சொல்வது இதற்கு நெருங்கிய உறவு. அங்கே முக்கோணமாக, மேலே சர்க்கரை பூசி, ஸ்கோன் என்ற பெயரில் விற்பது வேறு பண்டம். அதை மனதில் வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் ஸ்கோனை வாங்கினால் இனிப்பே இல்லையே என்று தோன்றும்.

ஸ்கோன் என்று சொல்ல வேண்டுமா, ஸ்கான் என்றா?

இரண்டும் சரி. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் பெரும்பாலும் ஸ்கான், மற்ற இடங்களில் இரண்டும் கலந்து கேட்கும். ஸ்காட்லாந்து மன்னர்களுக்கு முடிசூட்டிய கல்லோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊரின் பெயரும் இதே எழுத்துக்கூட்டல்தான், ஆனால் அதை ஸ்கூன் என்பார்கள். அந்தக் கல் 2024-இலிருந்து அருகிலுள்ள பெர்த் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் இங்கே ஸ்கோன் என்றே எழுதுகிறேன்.

கடைகளில் என்னென்ன வகை கிடைக்கிறது?

எங்கும் கிடைப்பவை மூன்று: எதுவும் சேர்க்காத பிளெயின், உலர்திராட்சை போட்ட சுல்தானா, சீஸ். செர்ரி, மோர், கருப்பு வெல்லப்பாகு போன்ற டிரீக்கிள் வகைகள் அங்கங்கே வரும். ஸ்காட்லாந்துப் பக்கம் டாட்டி ஸ்கோன் என்று ஒன்று இருக்கிறது. மசித்த உருளைக்கிழங்கும் மாவும் சேர்த்துத் தட்டையாகச் சுட்டது, காலை உணவுக்கு முட்டையோடு சாப்பிடுவது. பெயரை மட்டும் பார்த்து ஜாமுக்கென்று வாங்கிவிடாதீர்கள். டிராப் ஸ்கோன் என்பதும் வேறு, அது சின்ன அப்பம் மாதிரி, கரண்டியால் ஊற்றிச் சுடுவது. எலிசபெத் மகாராணி 1960-இல் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்குக் கடிதத்தோடு எழுதி அனுப்பிய செய்முறை இந்த டிராப் ஸ்கோனுடையது.

ஒப்பிட நினைப்பவர்கள் பிளெயினிலிருந்து தொடங்குவது நல்லது. திராட்சையும் சீஸும் குறையை மூடிவிடும்.

எந்தக் கடை ஸ்கோன் நல்லது? பெயரைச் சொல்லுங்கள்.

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். நான் கடை வாரியாக வரிசை போடுவதில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. டெஸ்கோ, செயின்ஸ்பரிஸ், வெயிட்ரோஸ், மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், ஆல்டி, லிடில் என்று ஒவ்வொரு கடையும் தன் பெயரில் ஸ்கோன் விற்கிறது. ஆனால் கடைப் பெயர் போட்ட பாக்கெட்டைச் செய்து தருவது பெரும்பாலும் வேறொரு பேக்கரி. யார்க்‌ஷயரில் பார்ன்ஸ்லியில் இருக்கும் ஹேவுட் அண்ட் பேட்ஜெட் மாதிரி, ஸ்கோனையே முழுநேரத் தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒப்பந்தம் மாறினால், செய்முறை மாறினால், போன வருஷம் நன்றாக இருந்தது இந்த வருஷம் இருக்காது.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒரே கடையின் ஒரே பாக்கெட்டை, தேதி முடிய நாலு நாள் இருக்கும்போது ஒரு தரமும், தேதி முடியும் நாளில் ஒரு தரமும் வாங்கிச் சாப்பிட்டோம். இரண்டுக்கும் இருந்த வித்தியாசம், விலை குறைந்த கடைக்கும் விலை கூடிய கடைக்கும் இருந்த வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தது. எங்கே வாங்கினீர்கள் என்பதற்கு முன்னால் என்றைக்குச் சுட்டது என்று பாருங்கள். எனவே கடைகளை நான் வகையாகத்தான் பிரிப்பேன்.

முதல் வகை, சுவரோர அடுக்கில் இருக்கும் மலிவுப் பாக்கெட். சின்னதாக, உயரம் குறைவாக, மேல் தோல் வெளிறி இருக்கும். வெறுமனே தின்றால் கொஞ்சம் மாவு ருசி. சூடாக்கி வெண்ணெய் தடவினால் எவ்வளவோ தேறும். தினப்படி குழந்தைகளின் மாலைப் பசிக்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, அதே கடையின் உயர்தரப் பெட்டி. "முழுக்க வெண்ணெய்" என்று எழுதியிருக்கும், உள்ளே இரண்டு அல்லது நாலு இருக்கும். வாசனையில் வித்தியாசம் உடனே தெரியும். ஆனால் சிலவற்றில் சர்க்கரை கூடிக் கேக் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அதற்குக் கூடுதல் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மூன்றாவது, சூப்பர் மார்க்கெட்டுக்குள்ளேயே இருக்கும் பேக்கரி அடுக்கு. இதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கடையிலேயே மாவு கலந்து செய்வதும் உண்டு, வெளியே செய்து உறைய வைத்துக் கொண்டுவந்ததைக் கடையில் சுட்டெடுப்பதும் உண்டு. எப்படியானாலும் அன்றைக்குச் சுட்டது என்பதால் காலையில் வாங்கினால் பாக்கெட்டைத் தோற்கடிக்கும். மாலையில் வாங்கினால் அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் பல நாள் மெத்தென்று இருப்பதற்கான சேர்மானங்கள் இதில் குறைவு.

நாலாவது தெருமுனைப் பேக்கரி. நல்ல பேக்கரி பக்கத்தில் இருந்தால் மற்ற மூன்றையும் மறந்துவிடுங்கள். காலை பத்து மணிக்குள் போங்கள்.

வீட்டில் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

எங்கள் முறையைச் சொல்கிறேன். மூன்று பாக்கெட்டுக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம், நாக்கு மரத்துவிடும். மூன்றும் ஒரே வகையாக, தேதி ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். பாக்கெட்டைப் பிரித்து வேறு வேறு தட்டில் வைத்து, அடியில் எண் எழுதிய சீட்டு ஒட்டி, எது எந்தக் கடை என்று ஒருவருக்கு மட்டும் தெரிய வேண்டும். விலை தெரிந்தால் வாய் மாறிவிடும், எங்களுக்கே அது நடந்தது. முதல் வாரம் பெயர் பார்த்துச் சாப்பிட்டபோது உயர்தரப் பெட்டிதான் சிறந்தது என்று நாலு பேரும் சொன்னோம். மூடி வைத்துச் சாப்பிட்ட வாரம், மூன்று பேர் நடுத்தர விலைப் பாக்கெட்டைக் கைகாட்டினோம்.

முதலில் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ஒன்றைக் கையால் இரண்டாகப் பிளந்து பாருங்கள், கத்தி வேண்டாம். மூன்றாவதாக, ஜாம் இல்லாமல், வெண்ணெய் இல்லாமல், சூடாக்காமல் ஒரு வாய். இதை யாரும் விரும்பிச் செய்ய மாட்டார்கள், ஆனால் உண்மை தெரிவது இந்த வாயில்தான். அப்புறம் எல்லாவற்றையும் ஒரே நேரம் ஓவனில் வைத்துச் சூடாக்கி இன்னொரு வாய், கடைசியில் க்ரீமும் ஜாமும் வைத்து ஒன்று. நடுநடுவே சர்க்கரை போடாத டீ ஒரு மிடறு குடித்தால் வாய் சுத்தமாகும்.

மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைத்து மறுநாள் காலையில் மறுபடி தின்று பாருங்கள். நாலு ஸ்கோன் பாக்கெட்டை ஒரே நாளில் தின்று முடிக்காத வீடுகளுக்கு இந்த மறுநாள் சோதனை மிக முக்கியம்.

நல்ல பதம் என்றால் எப்படி இருக்க வேண்டும்?

பதத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், ஏனென்றால் ஸ்கோனில் ருசியைவிடப் பதமே பெரிது.

முதலில் பக்கவாட்டைப் பாருங்கள். நன்றாக எழும்பிய ஸ்கோனின் நடுவில், இடுப்புச் சுற்றி ஒரு வெடிப்பு ஓடும். கையால் பிளந்தால் அந்த வெடிப்பு வழியே தானாகப் பிரிய வேண்டும். வெடிப்பே இல்லாமல் வழவழவென்று இருந்தால் உள்ளே கேக் மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கவலை வேண்டாம், வெட்டும்போது அச்சைத் திருகியிருப்பார்கள், ருசிக்குக் குறையில்லை.

பிளந்த உள்பக்கம் கரடுமுரடாக, ஏடு ஏடாகத் தெரிய வேண்டும். பொலபொலவென்று இருக்க வேண்டும், ஆனால் தட்டில் தூளாகக் கொட்டக் கூடாது. வெண்ணெய் தடவும்போது உடைந்து நொறுங்குகிற ஸ்கோன் காய்ந்த ஸ்கோன். அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்கித் திரும்ப எழும்புவது இன்னொரு கோடி. பாக்கெட் ஸ்கோன்களில் நாங்கள் அடிக்கடி பார்த்த குறை இது. சேர்மானப் பட்டியலைத் திருப்பிப் பாருங்கள், ஈரம் காக்கக் கிளிசரால், பூஞ்சை வராமல் இருக்கப் பொட்டாசியம் சார்பேட் அல்லது கால்சியம் புரோபியனேட் இருக்கலாம். பல நாள் அடுக்கில் இருக்க வேண்டிய பண்டத்துக்கு இவை தேவைதான், உடம்புக்குக் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாலு நாளும் மெத்தென்று இருக்கச் செய்த ஸ்கோனுக்கு, வெளியே லேசாக மொறுமொறுப்பும் உள்ளே பொலபொலப்புமாக இருக்கும் அந்த இரட்டைப் பதம் கிடைப்பது கஷ்டம். சூடாக்கினால் கொஞ்சம் திரும்பி வரும்.

மாவில் வெண்ணெயைப் பிசிறும்போது மாவுத் துகளைச் சுற்றிக் கொழுப்பு படிந்துகொள்ளும். அதனால் பால் விட்ட பிறகு மாவில் பசைத்தன்மை அதிகம் ஓடாது. புரோட்டா மாவுக்கு வேண்டிய இழுவை எதுவோ, அது ஸ்கோனுக்கு ஆகாது. அதிகம் பிசைந்த ஸ்கோன் வாயில் சவ்வு மாதிரி இழுபடும்.

ஸ்கோன் தின்ற பிறகு வாயில் ஒரு சோப்பு ருசி நிற்கிறதே, ஏன்?

ஆப்ப சோடா கூடிப்போன போண்டாவைத் தின்றிருப்பீர்கள். அதே சங்கதிதான். ஸ்கோனை எழுப்புவது சோடியம் பைகார்பனேட்டும் ஓர் அமிலப் பொருளும் சேர்ந்து உண்டாக்கும் வாயு. அளவு பிசகி, அமிலத்தோடு சேராமல் சோடா மிஞ்சினால் அந்தக் காரல் வரும், பல்லில் ஒரு கூச்சமும் தெரியும். லேபிளில் இ500 (E500) என்ற சேர்மான எண் இருந்தால் சோடா, இ450 என்றால் அதோடு சேரும் டைபாஸ்பேட். இவை எல்லா ஸ்கோனிலும் இருப்பவைதான், இருப்பதே குறையில்லை. ஜாம் வைத்தால் இந்தக் காரல் மறைந்துவிடும், அதனால்தான் வெறும் வாய்ச் சோதனை வேண்டும் என்கிறேன்.

வெண்ணெய் போட்டதுதான் நல்லதா? பாமாயில் போட்டது மோசமா?

பிளெயின் ஸ்கோனில் நான் வெண்ணெய்ப் பக்கம். பாம், கடுகுக் குடும்பத்து ரேப்ஸீட் எண்ணெய்களில் செய்தது சூடாக இருக்கும்போது வித்தியாசம் தெரியாது, ஆறியதும் மேலண்ணத்தில் லேசாக ஒட்டும். லேபிளில் "வெண்ணெய் ஸ்கோன்" என்று பெரிதாக எழுதியிருந்தால் எத்தனை சதவீதம் வெண்ணெய் என்றும் சேர்மானப் பட்டியலில் போட்டிருக்க வேண்டும், அது சட்டம். அந்த எண்ணைப் பாருங்கள். வெண்ணெயும் எண்ணெயும் இரண்டும் கலந்து போட்டிருப்பதும் உண்டு.

ஆனால் வெண்ணெய் இல்லாததாலேயே ஸ்கோன் மட்டமாகிவிடாது. பழைய மாளிகைகளையும் கடற்கரைகளையும் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் தேநீர்க் கடைகள் ஸ்கோனுக்குப் பெயர் போனவை. ஒரு பெண்மணி பத்து ஆண்டுகளில் அவர்களுடைய 244 இடங்களுக்குப் போய் ஒவ்வொன்றிலும் ஸ்கோன் சாப்பிட்டு, 2023-இல் வட அயர்லாந்தின் ஜெயன்ட்ஸ் காஸ்வேயில் முடித்தார். பால் பொருள் சாப்பிடாதவர்களும் உண்ணட்டும் என்று தாவரக் கொழுப்பில் செய்வதை நேஷனல் டிரஸ்ட் கடைகளில் சில காலமாகவே வழக்கமாக வைத்திருந்தார்கள். 2024-இல் பத்திரிகைகள் எழுதிய பிறகுதான் பலருக்கும் அது தெரிந்தது.

விலையை எப்படி ஒப்பிடுவது?

எத்தனை ஸ்கோன் என்பதை விட்டுவிட்டு எத்தனை கிராம் என்று பாருங்கள். பிரிட்டனில் அடுக்குச் சீட்டில் அளவு விலையும், அதாவது இத்தனை எடைக்கு இவ்வளவு என்ற விலையும், போட வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனால் பேக்கரிப் பண்டங்களுக்கு அது பல இடங்களில் "ஒன்றுக்கு இவ்வளவு" என்று வந்துவிடுகிறது. ஸ்கோனின் எடை பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறுவதால் அந்த எண் உதவாது.

எடுத்துக்காட்டுக்கு நானே போட்ட ஒரு கணக்கு. ஒரு பாக்கெட்டில் நாலு ஸ்கோன், 240 கிராம், விலை 1.20 பவுண்டு. ஒன்று 30 பென்ஸ். பக்கத்துப் பாக்கெட்டிலும் நாலு, 320 கிராம், விலை 1.44 பவுண்டு. ஒன்று 36 பென்ஸ். சீட்டைப் பார்த்தால் முதலாவதுதான் மலிவு. ஆனால் 100 கிராமுக்கு முதலாவது 50 பென்ஸ், இரண்டாவது 45 பென்ஸ். உண்மையில் மலிவு இரண்டாவது. இந்தக் கணக்கைக் கடையிலேயே போனில் போட்டுவிடலாம்.

சுல்தானாவில் இன்னொரு எண்ணையும் பாருங்கள்: திராட்சை எத்தனை சதவீதம். மாவைவிடத் திராட்சைக்குத்தான் விலை அதிகம். திராட்சை சிந்தி விட்ட மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் பாக்கெட்டுக்கு, நிறையப் போட்ட பாக்கெட்டின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. சீஸ் ஸ்கோனுக்கும் இதே வழி.

என்னைக் கேட்டால், வீட்டில் தினமும் தின்பதற்கு 100 கிராம் விலையில் குறைந்ததை வாங்கி, மிச்சப்பட்ட காசை நல்ல ஜாமில் போடுவேன். விருந்தாளி வருகிற நாளில் உயர்தரப் பெட்டியைவிட அன்றைக்குச் சுட்டதைத் தேடிப் போவேன்.

முட்டை சாப்பிடாத சைவம் நாங்கள். எதைப் பார்த்து வாங்குவது?

இது நம்மவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, நிதானமாகச் சொல்கிறேன். இங்கே "வெஜிடேரியன்களுக்கு ஏற்றது" என்ற முத்திரை இருந்தாலும் முட்டை இருக்கலாம், இங்குள்ள கணக்கில் முட்டை சைவத்துக்குள் வந்துவிடும். மாவில் முட்டை சேர்க்காவிட்டாலும் மேலே பளபளப்புக்காக முட்டை பூசியிருக்கலாம். சேர்மானப் பட்டியலில் ஒவ்வாமை தரும் பொருள்களைத் தடித்த எழுத்தில் போட வேண்டும் என்பது விதி, ஆகவே கோதுமை, பால், முட்டை ஆகிய மூன்றும் கண்ணில் படும். முட்டை தடித்த எழுத்தில் இல்லை என்றால் சேர்க்கவில்லை. "முட்டையும் இருக்கலாம்" என்று கீழே தனியாகப் போட்டிருப்பது, அதே ஆலையில் முட்டை புழங்குகிறது என்ற எச்சரிக்கை.

அடுத்தது இ471. இது மாவை மென்மையாக்கும் ஒரு கொழுப்புப் பொருள், தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். சைவ முத்திரை இருந்தால் விலங்கு இல்லை என்று கொள்ளலாம். முத்திரை இல்லாமல் இ471 மட்டும் இருந்தால் நான் வாங்க மாட்டேன். சீஸ் ஸ்கோனிலும் முத்திரையைப் பாருங்கள், சில சீஸ்களில் பாலை உறைய வைக்க விலங்கு ரென்னட் போடுவார்கள்.

கடையிலேயே செய்து, நீங்கள் கேட்பதற்கு முன்பே பையில் போட்டு வைத்த பண்டங்களுக்கும் 2021 அக்டோபரிலிருந்து முழுச் சேர்மானப் பட்டியல் ஒட்ட வேண்டும். தட்டில் திறந்து வைத்து எடுத்துக் கொடுப்பவற்றுக்கு அது இருக்காது, ஆனால் ஒவ்வாமை விவரம் கேட்டால் சொல்ல வேண்டும். தயங்காமல் கேளுங்கள்.

மீந்த ஸ்கோனை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைத்த சோறு மறுநாள் விறைத்துப்போகிறதல்லவா? வெந்த மாவுச்சத்து மறுபடி இறுகுவதுதான் காரணம், ஃப்ரிட்ஜின் குளிரில் அது இன்னும் வேகமாக நடக்கும். வெளியில் மூடிய டப்பாவில் வைத்தால் ஒன்றிரண்டு நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் வாங்கிய அன்றே ஃப்ரீசரில் போடுங்கள், ஒரு மாதம் நன்றாக இருக்கும்.

எப்படிச் சூடாக்குவது?

ஓவனை 160 டிகிரியில் சூடாக்கி, மேலே விரலால் நாலு சொட்டுப் பால் தடவி, ஐந்தாறு நிமிடம். ஃப்ரீசரிலிருந்து நேராக என்றால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஏர் ஃபிரையர் இருந்தால் மூன்று நாலு நிமிடம் போதும், மேல் தோல் சீக்கிரம் கருகும், கண் வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோவேவில் பதினைந்து வினாடி வைத்தால் மெத்தென்று ஆகும், ஆனால் டீ ஆறுவதற்குள் ரப்பராக இறுகிவிடும். சூடாக்கிய மலிவு ஸ்கோன், சூடாக்காத உயர்தர ஸ்கோனை ஜெயித்ததை எங்கள் மேஜையில் ஒரு தடவைக்கு மேல் பார்த்தோம்.

க்ரீம் முதலிலா, ஜாம் முதலிலா?

டெவன்காரர்கள் க்ரீமைத் தடவி அதன்மேல் ஜாம் வைப்பார்கள். பக்கத்துப் பகுதியான கார்ன்வால்காரர்கள் ஜாமைத் தடவி அதன்மேல் க்ரீம் வைப்பார்கள். எங்கள் எதிர் வீட்டுப் பாட்டி க்ரீமை வெண்ணெய் மாதிரி நினைத்துக்கொள் என்பார், வெண்ணெய்க்குக் கீழே ஜாம் வைப்பார்களா என்று கேட்பார். நான் பாட்டி பக்கம், ஆனால் ஸ்கோன் சூடாக இருந்தால் க்ரீம் உருகி வழியும், அப்போது ஜாம் முதலில் போவதே வசதி.

க்ரீம் என்றால் இங்கே க்ளாட்டட் க்ரீம். பாலை மெதுவான சூட்டில் நீண்ட நேரம் வைத்து, மேலே திரளும் ஏட்டை எடுப்பது. நம் வீட்டுப் பாலேட்டை அறிந்தவர்களுக்கு அந்த வாசனை அந்நியமாக இருக்காது. கார்னிஷ் க்ளாட்டட் க்ரீம் என்ற பெயருக்கு 1998-இலிருந்து பாதுகாப்பு இருக்கிறது. கார்ன்வால் பாலில், கார்ன்வாலில் செய்து, குறைந்தது 55 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும். 1890-இல் தொடங்கிய ராடாஸ் நிறுவனத்தின் சின்ன டப்பா பெரும்பாலான சூப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கும். அடித்து நுரைத்த சாதா க்ரீம் இதற்கு ஈடாகாது.

ஜாமில், ஸ்ட்ராபெரி வழக்கம், ராஸ்பெரி என் விருப்பம். அதன் புளிப்பு க்ரீமை வெட்டிக்கொண்டு வரும். லேபிளில் "எக்ஸ்ட்ரா ஜாம்" என்றிருந்தால் 100 கிராமுக்கு 45 கிராம் பழமாவது இருக்கும், வெறும் ஜாம் என்றால் 35 கிராமே போதும்.

சீஸ் ஸ்கோனையும் இதே அளவுகோலில் பார்க்கலாமா?

பதம் மட்டும் அதே அளவுகோல். ருசியில் உப்பும் காரமும் வேண்டும். நல்லதில் செடாரோடு கடுகுப் பொடியும் ஒரு சிட்டிகை மிளகாய்த் தூளும் இருக்கும், மேலே தூவிய சீஸ் பொன்னிறமாக மொறுமொறுத்திருக்கும். நம் நாக்குக்கு எல்லா ஸ்கோனிலும் முதலில் பிடிப்பது இதுதான் என்று நினைக்கிறேன். வெண்ணெய் தடவி இஞ்சி டீயோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

தேநீர்க் கடையில் ஏன் அவ்வளவு விலை?

கடையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகும் ஸ்கோனுக்கு வாட் வரி கிடையாது. உட்கார்ந்து சாப்பிட்டால் அது உணவக சேவை, 20 சதவீத வரி உண்டு. அதோடு க்ரீம், ஜாம், கெட்டில் டீ, பரிமாறும் கை எல்லாம் சேர்ந்த விலை அது. அன்று காலை சுட்டது என்றால் நான் மனதாரக் கொடுப்பேன். கேட்டுவிட்டு உட்காருங்கள்.

வீட்டில் செய்தால் மலிவாகுமா?

ஆகும், சுவையும் கூடும். செல்ஃப் ரெய்சிங் மாவு 225 கிராம், வெண்ணெய் 55 கிராம், சர்க்கரை 25 கிராம், பால் 150 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. பிசிறி, சேர்த்து, தட்டி, வெட்டி, 220 டிகிரியில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். ஏழெட்டு வரும். கடை ஸ்கோனை எடைபோட நினைப்பவர்கள் ஒரு தடவையாவது இதைச் செய்து அடுப்பிலிருந்து இறக்கிய ஐந்தாவது நிமிடம் தின்று பார்க்க வேண்டும். அந்தப் பதம் நாக்கில் பதிந்துவிட்டால், பாக்கெட்டில் எது அதற்குக் கிட்டே வருகிறது என்று உடனே தெரியும்.

மாலையில் விலை குறைத்து மஞ்சள் சீட்டு ஒட்டியதை வாங்கலாமா?

தாராளமாக. ஸ்கோன் பாக்கெட்டில் வழக்கமாக இருப்பது "இந்தத் தேதிக்குள் சாப்பிட்டால் நன்று" என்ற பெஸ்ட் பிஃபோர் தேதி, அது தரத்தைப் பற்றியது. "இதற்குள் சாப்பிட்டாக வேண்டும்" என்ற யூஸ் பை தேதி, உள்ளே க்ரீம் வைத்து விற்கும் ஸ்கோனில் வரும். அது பாதுகாப்பைப் பற்றியது, அதைத் தாண்டித் தின்னாதீர்கள். க்ரீம் இல்லாத மஞ்சள் சீட்டுப் பாக்கெட்டை வீட்டுக்கு வந்ததும் நேராக ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி. ஞாயிறு மாலை மழை பிடித்துக்கொண்டு வெளியே போக முடியாதபோது எடுத்து, பால் தடவி, ஓவனில் வையுங்கள். டீ கொதித்து இறங்கும் நேரத்துக்கு ஸ்கோனும் தயாராகியிருக்கும்.